கிணற்றுக்குள் கிடந்த அரை சைக்கிள்

பாலுசாமி இந்தக் கார்த்திகையில் போய்ச் சேர்ந்தார். பேப்பரில் படம் போட்டு இரங்கல் தெரிவிக்கிற அளவுக்குப் பெரிய மனிதர் இல்லை. காங்கேயத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு, நாலு உருப்படி மாடு, ஒரே பையன். அவரைப் பற்றி எழுத யாரும் முன்வரப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

என் பெயர் அழகிரிசாமி. கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் கம்பெனி வைத்திருக்கிறேன். பிறத்தியார் பட்டறையில் மண் சலித்து, அச்சுக் கட்டி, இரும்பு ஊற்றி, பிறகு ஒரு பழைய லேத்தை வாங்கி சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். யாரும் எனக்குக் கைகொடுக்கவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. இன்றைக்கு என் பம்பு போகாத ஜில்லா இல்லை. அப்படி நான் செய்த முதல் பம்பு இறங்கியது பாலுசாமியின் கிணற்றில்தான். புதுக் கம்பெனியை நம்பி எந்த விவசாயியும் வாங்க மாட்டேன் என்றிருந்த காலம். மாட்டுச் சந்தையில் என்னைப் பார்த்த பாலுசாமி, "தண்ணி வந்துச்சுன்னா வச்சுக்கறேனுங்க, வரலீன்னா நீங்களே வந்து கழட்டிக்கோங்க" என்றார். தண்ணீர் வந்தது. வராமல் எப்படிப் போகும், செய்தவன் யார்?

பம்பை இறக்கப் போன அன்றுதான் கிணற்றுக் கரையில் அந்த மூன்று கற்களைப் பார்த்தேன். ஒரு வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி நட்டிருந்தார்கள். முன்னால் ஒரு சின்னப் பாவாடை மடித்து வைத்திருந்தது. கன்னிமார் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

"எங்க தங்கச்சிங்கண்ணா" என்றார் பாலுசாமி. "பழனியாத்தா. இந்தக் கெணத்துலதான் போனா."

அவருடைய அப்பா புகையிலை நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் திருப்பூரில் பிள்ளைகளுக்காக ஓர் அரை சைக்கிள் வாங்கி வந்திருக்கிறார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சிறுவர்களுக்கென்று சைக்கிள் வைத்திருந்த ஒரே வீடு அது. பாலுசாமி ஓட்டுவார், தங்கச்சி கேரியரில் உட்காருவாள். கம்பி குத்துகிறது என்று அவள் சிணுங்கியதால் அப்பா கேரியர் மேல் ஒரு பலகையை ஆணி வைத்து முடுக்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடம், ஆட்டுப்பட்டி, மாரியாத்தா நோம்பி, எங்கே போனாலும் இரண்டு பேரும் அப்படித்தான். மாடு கட்டி நீர் இறைத்த காலத்து வாரி, மாடுகள் இறங்கி ஏறும் சரிவுப் பாதை, கிணற்று விளிம்பிலிருந்து கீழே இறங்கியது. உச்சியில் கொண்டுபோய் நிறுத்தி ஏறிவிட்டால் மிதிக்காமலே வண்டி கீழே ஓடும். ஒரு மத்தியானம் பாலுசாமி பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவள் தனியாக ஓட்டிப் பழகப் போயிருக்கிறாள். உச்சியில் வண்டியைத் திருப்பும்போது வண்டியோடு உள்ளே போய்விட்டாள். எட்டு வயது.

ஆள் இறங்கிப் பிள்ளையை எடுத்தார்கள். சைக்கிளை எடுக்க முடியவில்லை. அடியில் சேறு அவ்வளவு ஆழம்.

அந்தப் பக்கத்தில் கன்னி கழியாமல் போன பெண்ணைச் சாமியாக வைத்துக்கொள்வார்கள். ஆடிப் பதினெட்டுக்குப் புதுப் பாவாடை, பொங்கல், தேங்காய். அப்பா இருந்தவரை அப்பா செய்தார், பிறகு பாலுசாமி செய்தார். கல்யாணம் கட்டிய வருஷமும் செய்தார், மனைவி இறந்த வருஷமும் செய்தார். அவர் ஊரைவிட்டு வெளியே தங்கியதில்லை. பழனிக்குப் போனால்கூட ராத்திரி வீடு திரும்பிவிடுவார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "தனியா உட்டுட்டு எங்கீங்க போறது" என்றார். மாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு காலம் மாறியது. சுற்றிலும் ஆயிரம் அடிக்கு போர் போட்டார்கள். கிணறு வற்றியது. என் பம்பு நன்றாகத்தான் இருந்தது, இறைக்கத் தண்ணீர்தான் இல்லை. பையன் சரவணன் கோயமுத்தூர் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. காட்டை சைட் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு அப்பாவைத் தன்னோடு ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போக முடிவு செய்தான். பாலுசாமிக்கு இதயத்தில் அடைப்பு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக விட முடியாது. அவரும் சரியென்றுவிட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உங்க அத்தைய நான் கூட்டிட்டு வரோணும் கண்ணு. அதுக்குப் பொறவு என்ன வேணாலும் பண்ணிக்கோ."

கன்னியை இடம் மாற்ற முறை இருக்கிறது. கல்லுக்கு அடியில் பிடிமண் எடுத்து மஞ்சள் துணியில் கட்டி, தரையில் வைக்காமல், திரும்பிப் பார்க்காமல் புது இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். அவர்கள் குலதெய்வக் கோயிலின் பின்புறம் ஒரு மரத்தடியைப் பூசாரி கொடுத்துவிட்டார். ஆனி மாதம் அது. ஒரு நல்ல நாள் பார்த்து எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அந்த ஆனியில்தான் சைக்கிள் வெளியே வந்தது. கிணற்றை மூடுவதற்கு முன் உள்ளே கிடக்கும் பைப்பும் இரும்பும் எடுக்கலாம் என்று தூர் வாருகிற கிரேனை நிறுத்தினார்கள். தொட்டியில் வந்த சேற்றுக்குள் ஒரு ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டிருந்தது. பழைய இரும்போடு தூக்கிப் போடப் போனவர்களை நிறுத்தி, பாலுசாமி அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, இது ஓடுமாங்கண்ணா?"

"பாலு, என் கைக்கு வந்த எந்த இரும்பு ஓடாம போயிருக்குது? கொண்டாங்க" என்றேன்.

சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பிரித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. டயர் கரைந்துபோயிருந்தது. ரிம் கை பட்டதும் உதிர்ந்தது. ஃபிரேம் மட்டும் சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் தப்பித்திருந்தது. உக்கடத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ரசாக்கை வரவழைத்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மொதலாளி, இதுல உருப்படியா இருக்கிறது ரெண்டுதான். ஒண்ணு ஓட்டை, இன்னொண்ணு துரு."

"ஓட்டைய நான் அடைச்சுக்கறேன். நீங்க துருவப் பாருங்க."

"பேசாம புதுசா ஒண்ணு வாங்கி, இதோட பேரை அதுக்கு வச்சுருங்க."

பாலுசாமி சிரிக்கவில்லை. "வேற வண்டின்னா அவ ஏற மாட்டாளுங்க" என்றார். ரசாக் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

அப்போதுதான் அவர் மனதில் இருந்தது எனக்குப் புரிந்தது. பிடிமண்ணைக் கையில் கொண்டு போகப் போவதில்லை. அந்தக் கேரியரில் வைத்து, அவள் எப்போதும் எப்படிப் போவாளோ அப்படியே கூட்டிப்போகப் போகிறார்.

நான் வேலையில் இறங்கினேன். ஃபிரேமை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஓட்டை விழுந்த இடத்தில் கேஸ் வெல்டிங் வைத்தேன். அச்சை லேத்தில் நானே கடைந்தேன். இந்த வயதிலும் என் கை நடுங்குவதில்லை, வேண்டுமானால் வந்து பார்க்கலாம். சின்ன சைஸ் ரிம்மும் டயரும் ரசாக் தேடிக் கொண்டுவந்தார். கேரியரைப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கி விடலாம் என்றேன். பாலுசாமி கையை நீட்டித் தடுத்துவிட்டார். துருவை மட்டும் உப்புக் காகிதத்தால் அவரே தேய்த்தார். பலகை மக்கிப்போயிருந்தது, ஆணி ஓட்டை மட்டும் தெரிந்தது. அதே அளவுக்கு வேப்பம்பலகை அறுத்து முடுக்கினேன்.

இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் குடி மாற்றக்கூடாது என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மனிதருக்கே கூடாது என்றால் கன்னிக்கு எப்படி? பூசாரியும் ஆவணி பிறக்கட்டும் என்றுவிட்டார். பாலுசாமி பதறவில்லை. ஆடியில் கிரயப் பத்திரம் நடக்காது, வாஸ்து பூஜை நடக்காது, யாரும் கடப்பாரையைத் தொடமாட்டார்கள். என் கம்பெனியிலேயே ஆடியில் புது மாடல் எதுவும் தொடங்கமாட்டேன். அதனால் நானும், "அவசரமில்ல பாலு, ஆவணில ஜம்முனு கூட்டிட்டுப் போலாம்" என்றேன்.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போய்ப் பாவாடை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். வண்டியின் பாகங்களைப் பூட்டும் வேலைக்கு என் வீட்டிலேயே தங்கினார். வெளியில் தங்காத மனிதர் அந்த வாரம் மட்டும் தங்கினார். வண்டியைத் தன் கையால் பூட்ட வேண்டும் என்ற ஆசை. பகலெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கி, சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்ப்பார். என் மனைவி பங்காரம்மா சாப்பாடு போட்டுக்கொண்டே, "பேரன் சைக்கிள் கேட்டப்ப கடைக்குப் போங்கன்னு தொரத்துனீங்க. இப்பப் பாருங்க, ரெண்டு கெழவனுங்களும் சோறு தண்ணி இல்லாம" என்று ஏசினாள். பாலுசாமி தலையைக் குனிந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வண்டி முடிந்தது. பெல் மட்டும் பாக்கி. மத்தியானம் போல அவர் போன் அடித்தது. சரவணன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பேசுவது எனக்கும் கேட்டது.

"அப்பா, ஒரு வேலை முடிஞ்சுதுங்கப்பா. கெணத்த மூடியாச்சு."

பாலுசாமி ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எதக் கண்ணு?"

"கெணறுங்கப்பா. பத்திரத்துக்கு முன்னாடி மூடித் தரோணும்னு கேட்டாங்கல்ல. ஆடில எங்கயும் வேலையில்லாம ஜேசிபி எல்லாம் சும்மா நின்னுட்டிருக்குது. ஆவணி பொறந்துட்டா ஆள் கெடைக்காது. அதான் ரெண்டு நாள்ல முடிச்சுப்போட்டேன். நீங்க கவலப்படாதீங்க, அத்தை கல்லு மூணையும் பத்திரமா எடுத்து டிக்கில வச்சிருக்கறேன். பேப்பர்ல சுத்தித்தான் வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் சரவணன், "அப்பா? அப்பா, கேக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான்தான் போனை வாங்கி அணைத்தேன்.

"ஆடில ஒண்ணும் நடக்காதுன்னு இருந்துட்டேனுங்கண்ணா" என்றார்.

ஆவணிக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் காத்திருக்கவில்லை. குட்டியானை வேன் ஒன்றைப் பிடித்து சைக்கிளை ஏற்றினோம். அவர் பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி உட்கார்ந்துவந்தார். என்னுடைய காரில் வாருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

காட்டைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ முறை வந்துபோன இடம். வேப்பமரம் இல்லை, வரப்பு இல்லை. ஒரே சமதளம். கோயமுத்தூரில் எங்கோ இடித்த கட்டிடத்தின் செங்கலும் உடைந்த டைல்ஸும் கொட்டி மேலே செம்மண் பரப்பியிருந்தார்கள். சரவணன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"கரை மண்ணு எங்க கண்ணு?" என்றார் பாலுசாமி. மெதுவாகத்தான் கேட்டார்.

"எந்த மண்ணுங்கப்பா?"

"மரத்தடி. கல்லு நட்டிருந்த எடம்."

சரவணன் யோசித்துச் சொன்னான். "அதைத்தானுங்கப்பா மொதல்ல உள்ள தள்ளுனாங்க. கரைய ஒட்டி இருந்ததுனால. அப்புறந்தான் லாரி மண்ணு."

"அப்ப, மறுபடியும் உள்ள போயிட்டா."

சரவணனுக்கு அப்போதுதான் உறைத்தது. டிக்கியைத் திறந்து கற்களை எடுக்கப் போனான். "கல்லு இருக்குதுங்கப்பா, இதை வச்சுப் பண்ணிக்கலாங்கப்பா."

"கல்லு அவ இல்ல கண்ணு. மண்ணுதான்." அவ்வளவுதான் சொன்னார். பையனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்கள் மூவருக்கும் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

கிணறு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து அங்கே வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். சூடம் கொளுத்தினார், காற்று அணைத்தது, மறுபடி கொளுத்தினார்.

"அம்மணி" என்று கூப்பிட்டார். "வண்டி கொண்டாந்துட்டேன். ஏறிக்கோ."

சாமி சம்மதம் கொடுத்தால் கௌளி சொல்லும் என்பார்கள். பல்லி ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வேப்பமரத்தில் எப்போதும் பல்லி இருக்கும், அவர் ஒவ்வொரு வருஷமும் கேட்டிருக்கிறார். இப்போது அங்கே ஒரு சுவர் இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு வேலி முள்கூட இல்லை. பல்லி எங்கிருந்து வரும்? அது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் வெயிலில் நின்று காது கொடுத்துக்கொண்டே இருந்தார். சரவணன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் நீட்டினான். வாங்கவில்லை. வெயில் சாயும் வரை நின்றோம்.

பிறகு அவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வண்டியைத் தள்ளத் தொடங்கினார். தரையில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்கவில்லை. அது யார் வீட்டு மண்ணோ. காலிக் கேரியரோடு தள்ளினார். நான் பின்னால் நடந்தேன். வண்டி அருமையாக உருண்டது. ஒரு சத்தம் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

தார் ரோட்டுக்கு வரும் வழியில் நின்றார். திரும்பவில்லை. திரும்பக்கூடாது.

"அண்ணா."

"சொல்லுங்க பாலு."

"ஏறிட்டாளாங்கண்ணா? நீங்க பின்னாடிதான் வாரீங்க. பாத்துச் சொல்லுங்க."

என் ஆயுசில் வாடிக்கைக்காரர் கேட்ட எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று நான் சொன்னதில்லை. மோட்டார் எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டால் சொல்வேன், தண்ணீர் எவ்வளவு வரும் என்றால் சொல்வேன். பலகையைப் பார்த்தேன். நான் அறுத்து முடுக்கிய பலகை.

"ஏறிட்டா பாலு. நீங்க போங்க."

பத்தடி போயிருப்பார். மறுபடி நின்றார். ஹேண்டிலை லேசாகத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார்.

"கனமே இல்லீங்களேண்ணா."

அவர் அவளை ஏற்றிக்கொண்டு மிதித்தவர். மேட்டில் அவள் உட்கார்ந்திருந்தால் எப்படி இழுக்கும், இறக்கத்தில் எப்படித் தள்ளும் என்று அவருக்குத் தெரியும். என் வெல்டிங்கும் லேத்தும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அவர் திரும்பினார். உடம்பு முழுவதும் திரும்பி, கேரியரைப் பார்த்தார். அப்புறம் எனக்குப் பின்னால் இருந்த அந்த வெற்று நிலத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சரவணன் ஓடிவந்து, "அப்பா, திரும்பக் கூடாதுன்னு நீங்கதானே" என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"போலாம் கண்ணு" என்றார் பாலுசாமி. "வண்டிய அண்ணன் எடுத்துக்குவாரு." செருப்பை எடுக்க மறந்து வெறுங்காலோடு மகனுடைய காரில் ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. ஐப்பசியில் நானாகத்தான் சரவணம்பட்டிக்குப் போனேன். ஏழாவது மாடி. எல்லா வசதியும் இருந்தது, மருமகள் நித்யஸ்ரீ நன்றாகத்தான் கவனித்துக்கொண்டாள். ஆள் பாதியாகியிருந்தார். கீழே பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கம்பெனியைப் பற்றி நானே பேசிக்கொண்டிருந்தேன். புது ஷெட் போட்டது, பேரன் வந்து கணக்குப் பார்ப்பது, எல்லாம். அவர் தலையாட்டினார். எங்கே கவனம் இருந்ததோ தெரியாது.

பக்கத்து பிளாக்கில் குடியிருக்கும் ஒருவர் நடைப்பயிற்சி முடித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாகர்கோவில்காரர், பேச ஆள் கிடைக்காமல் தவித்தவர் போலிருக்கிறது. பாலுசாமியிடம் ஊர் எது, காடு இருந்ததா, விற்றுவிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "ஊர்ல சொந்தக்காரங்கன்னு யாரும் இல்லியா?" என்றார்.

பாலுசாமி சொன்னார்.

"தங்கச்சி ஒண்ணு இருக்குதுங்க. கூப்புட்டுப் பாத்தேன். வரலீங்க."